பேட்டன்ட் கேள்வி பதில்: கருவி, மூலிகை, தார்ச்சாலை, மருந்து

கப்பலூர், பட்டறை உரிமையாளர்: சார், கண்புரை ஆபரேஷனில் லென்ஸை உள்ளே செலுத்தும் இன்ஜெக்டருக்குப் புது முனை செய்திருக்கிறோம். போன மாதம் டாக்டர்கள் சங்கக் கூட்டத்தில் நானே கட்டுரை வாசித்தேன். வாட்ஸப்பில் வீடியோவும் சுற்றுகிறது. இனி பேட்டன்ட் கிடைக்குமா?

கட்டுரையால் இந்தியாவில் ஆபத்து இல்லை, வீடியோதான் இடிக்கிறது. முன்பே பொதுவில் வெளியானதற்குப் பேட்டன்ட் கிடைக்காது. ஆனால் கண்டுபிடித்தவரே அறிஞர் சங்கத்தில் வாசித்த கட்டுரைக்குப் பேட்டன்ட் சட்டத்தின் 31ஆம் பிரிவு 12 மாத விலக்கு தருகிறது. வாட்ஸப், யூடியூப் இதில் சேராது. கண்காட்சி என்றாலும் அரசிதழில் அறிவித்ததாக இருக்க வேண்டும். வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். வெளித்தோற்றம் மட்டும் தெரிந்து உள் வடிவம் தெரியாவிட்டால், உள் வடிவத்தை வைத்துக் கிளெய்ம் (எதற்கு உரிமை கேட்கிறோம் என்ற வாசகம்) எழுதலாம். ஐரோப்பாவில் அந்தக் கட்டுரை ஒன்றே போதும், வாய்ப்பு போய்விட்டது.

உடனே ப்ரொவிஷனல் (தேதியைப் பிடித்துவைக்கும் முதற்கட்ட விண்ணப்பம்) போடுங்கள். படிவம் 1, 2, சிறு நிறுவனம் என்பதால் உத்யம் (சிறு தொழில் பதிவு) சான்றோடு படிவம் 28. ஆன்லைனில் 1,600 ரூபாய். நம் பக்கத்து விண்ணப்பம் சென்னை கிண்டியில் உள்ள பேட்டன்ட் அலுவலகத்துக்குப் போகும், நேரில் போக வேண்டியதில்லை. அதிலிருந்து 12 மாதத்துக்குள் கம்ப்ளீட் ஸ்பெசிபிகேஷன் (முழு விவரக் குறிப்பு) தர வேண்டும். தவறினால் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகிவிடும்.

பலர் சறுக்குவது ப்ரொவிஷனலை அரைப்பக்கத்தில் முடிப்பதால். அதில் எழுதாத அம்சத்தைப் பிறகு சேர்த்தால் அதற்குப் பழைய தேதி கிடைக்காது. ஆகவே முனையின் வெளிவிட்டம், சாய்வுக் கோணம், சுவர்த் தடிமன் எல்லாவற்றையும் ஒரே எண்ணாக இல்லாமல் இத்தனை முதல் இத்தனை வரை என்று எழுதுங்கள். மாற்றுப் பிளாஸ்டிக்குகளையும் சொல்லுங்கள், படத்தில் பாகங்களுக்கு எண் போடுங்கள். ஆபரேஷன் செய்யும் முறையைக் கிளெய்ம் ஆக்க வேண்டாம். சிகிச்சை முறைக்கு இந்தியாவில் பேட்டன்ட் கிடையாது, கருவிக்கு உண்டு.

உசிலம்பட்டி, சித்த வைத்தியர்: நிலவேம்பும் மஞ்சளும் சேர்த்த எங்கள் பரம்பரைச் சூரணத்துக்குப் போடலாமா தம்பி?

அப்படியே போட்டால் நிற்காது ஐயா. பாரம்பரிய அறிவும் வெறும் கலவையும் 3ஆம் பிரிவில் விலக்கப்பட்டவை. காயத்துக்கு மஞ்சள் போடுவதற்கு அமெரிக்காவில் 1995ல் தந்த பேட்டன்டையே, நம் மத்திய அரசின் ஆராய்ச்சி அமைப்பான சிஎஸ்ஐஆர் பழைய ஏடுகளைக் காட்டி 1997ல் ரத்து செய்ய வைத்தது. உங்களுக்கு வழி இரண்டு. ஒன்று, சாறு இறக்கும் முறையில் புதுமை: எந்தக் கரைப்பான், எத்தனை டிகிரி, எவ்வளவு நேரம், எந்தச் சத்து எவ்வளவு கூடியது. மற்றொன்று, சேர்க்கையின் கூட்டுப் பலன். நிலவேம்பு தனியாக, மஞ்சள் தனியாக, இரண்டும் சேர்த்து என மூன்றையும் ஒரே சோதனையில் வைத்து, சேர்ந்ததன் பலன் தனித்தனிப் பலன்களின் கூட்டுத்தொகையைவிட அதிகம் என்று காட்ட வேண்டும். ‘குணமானவர்கள் சொன்னார்கள்’ என்பது பரிசோதகரிடம் எடுபடாது. மூலிகை எந்த ஊரில் கிடைத்தது என்பதையும் விண்ணப்பத்தில் எழுத வேண்டும். தேசிய பல்லுயிர் ஆணையத்தின் நடைமுறையையும் முன்கூட்டியே பாருங்கள்.

திருமங்கலம், சாலை ஒப்பந்ததாரர்: தியாகராசர் பொறியியல் கல்லூரி வாசுதேவன் சாரின் பிளாஸ்டிக் சாலை முறைக்குப் பேட்டன்ட் இருக்கிறதாமே? நாங்கள் போடலாமா அண்ணே?

அந்தப் பேட்டன்ட் 2006ல் கிடைத்தது. 20 ஆண்டு என்பது கிடைத்த நாளிலிருந்து அல்ல, விண்ணப்பித்த நாளிலிருந்து ஓடும். இதை மறந்துதான் பலர் தேவையில்லாமல் பயப்படுகிறார்கள். இன்றைய நிலையைப் பேட்டன்ட் அலுவலகத் தளத்தில் விண்ணப்பதாரர் பெயரைப் போட்டுப் பாருங்கள். ஆண்டுக் கட்டணம் நின்றிருந்தாலும் அதிலேயே தெரியும்.

வேலையைப் பொறுத்தவரை, இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸின் ஐஆர்சி எஸ்பி 98 வழிகாட்டி இருக்கிறது. ஜல்லியைச் சுமார் 160 முதல் 170 டிகிரி வரை சூடாக்கி, துண்டாக்கிய பிளாஸ்டிக்கை முதலில் ஜல்லியில் தூவ வேண்டும். அது உருகிக் கல்லில் படலமாய் ஒட்டிய பிறகே தார். பிளாஸ்டிக் தாரின் எடையில் 6 முதல் 8 சதம். பாலித்தீன், பாலிப்ரொப்பிலீன் சரி. பிவிசி ஒரு துண்டுகூட வேண்டாம், சூட்டில் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும். பிளாஸ்டிக்கில் ஈரமோ மண்ணோ இருந்தால் படலம் ஒட்டாது, அப்புறம் ஜல்லி பெயரும்.

டவுன் ஹால் ரோடு, மெடிக்கல் ஷாப்: ஒரே கேன்சர் மருந்துக்கு இங்கே பல கம்பெனி ஜெனரிக் வருகிறதே, எப்படி?

இமாட்டினிப் என்ற ரத்தப் புற்றுநோய் மருந்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் புதுப் படிக வடிவத்துக்கு நோவார்டிஸ் கேட்ட பேட்டன்டை உச்ச நீதிமன்றம் 1.4.2013 அன்று மறுத்தது. தெரிந்த மருந்தின் புது வடிவம் என்றால் சிகிச்சைப் பலன் கூடியதைக் காட்ட வேண்டும் என்கிறது பேட்டன்ட் சட்டத்தின் 3(டி) பிரிவு. சோராபெனிப் என்ற இன்னொரு கேன்சர் மருந்தின் கதை வேறு. பேட்டன்ட் இருந்தும் 2012ல் நாட்கோ என்ற இந்திய மருந்துக் கம்பெனிக்குக் கட்டாய உரிமம் (பேட்டன்ட்காரர் சம்மதம் இல்லாமலே செய்து விற்க அனுமதி) தந்தார்கள். மாதம் சுமார் 2.8 லட்சமாக இருந்த செலவு 8,800 ரூபாய்க்கு வந்தது.

திருப்பரங்குன்றம், கல்லூரி மாணவி: விண்ணப்பம் போட்டாலே போதுமா அண்ணா?

போதாதும்மா. படிவம் 18 தந்தால்தான் பரிசோதனைக்கே எடுப்பார்கள். 2024 மார்ச் 15க்குப் பிறகு போட்டவற்றுக்குக் கெடு 31 மாதம், தனிநபருக்கு 4,000 ரூபாய். பெண் விண்ணப்பதாரர் படிவம் 18ஏ மூலம் விரைவுப் பரிசோதனை கேட்கலாம். ஆட்சேபணை அறிக்கை வந்தால் 6 மாதத்துக்குள் பதில் தர வேண்டும். கல்லூரி பெயரில் போட்டாலும் கண்டுபிடித்தவர் இடத்தில் உன் பெயர் இருக்கிறதா என்று கையெழுத்துக்கு முன் பார்.

மறுபடி கப்பலூர்: பேட்டன்ட் வந்ததும் விற்கலாமா சார்?

முடியாது. பேட்டன்ட் என்பது அடுத்தவரைத் தடுக்கும் உரிமை, விற்கும் உரிமம் அல்ல. மருத்துவக் கருவி விதிகள் 2017ன்படி ஏ, பி வகுப்புக் கருவிகளுக்கு மாநில அதிகாரி, சி, டி வகுப்புக்கு மத்திய அதிகாரி. உங்கள் முனை எந்த வகுப்பு என்று முதலில் உறுதி செய்யுங்கள். ஸ்டெரிலைசேஷன் சோதனையை இப்போதே தொடங்கலாம், பேட்டன்ட் கையில் வரும்வரை அதற்காகக் காத்திருக்கத் தேவையில்லை.