பொதுத் தொலைக்காட்சிக்குக் கட்டாயக் கட்டணம் தகுமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

பொதுத் தொலைக்காட்சியை நடத்துவதற்கான பணத்தை வீடுதோறும் கட்டாயக் கட்டணமாக வசூலிப்பதே நல்லது என்று சென்ற இதழில் எழுதியிருந்தேன். உடன்பட்டும் மறுத்தும் கடிதங்கள் வந்துள்ளன. மறுத்தவர்களின் கேள்விகளுக்கு விரிவாகப் பதில் சொல்லக் கடமைப்பட்டிருப்பதால், பெரும்பாலும் அவற்றையே இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி: நான் பொதுத் தொலைக்காட்சியைப் பார்ப்பதே இல்லை. வேண்டியதைச் சந்தா கட்டி இணையத்தில் பார்த்துக்கொள்கிறேன். பார்க்காத ஒன்றுக்கு என்னிடம் கட்டாயமாகப் பணம் வாங்குவது எப்படி நியாயமாகும்? பார்ப்பவர்கள் மட்டும் சந்தா கட்டினால் போதாதா?

பதில்: சந்தா கட்டிப் படம் பார்ப்பது உங்களுக்கும் ஒரு நிறுவனத்துக்கும் இடையிலான கொடுக்கல் வாங்கல், அதில் மூன்றாமவருக்கு வேலை இல்லை. பொது ஒளிபரப்பின் பயன் அவ்வாறு ஒரு வீட்டுக்குள் அடங்குவதில்லை. உங்கள் அண்டை வீட்டார் எதைத் தெரிந்துகொண்டு வாக்களிக்கிறார்கள் என்பது உங்களையும் சேர்த்து ஆளப்போகும் அரசைத் தீர்மானிக்கிறது. ஓர் அமைச்சகத்தின் முறைகேட்டைச் செய்திக் குழு ஒன்று மாதக்கணக்கில் உழைத்து வெளிக்கொணர்ந்தால், அதனால் மீளும் பொதுப்பணத்தில் அந்த நிகழ்ச்சியைப் பார்க்காதவர்களுக்கும் பங்கு உண்டு.

மேலும், ஒரு நிகழ்ச்சியைத் தயாரித்து ஒளிபரப்பிய பிறகு, அதை இன்னும் ஒரு வீடு கூடுதலாகப் பார்ப்பதால் செலவு ஏறுவதில்லை. அத்தகைய ஒன்றைப் பூட்டிவைத்துச் சந்தா கட்டியவர்களுக்கு மட்டும் திறந்துவிட்டால், வெளியே நிற்கப்போகிறவர்கள் பணம் இல்லாதவர்களே. நம்பத்தக்க செய்தியை வேறு வழியில் விலைகொடுத்துப் பெற முடியாதவர்களும் அவர்களே.

சுவிட்சர்லாந்து மக்கள் இந்தக் கேள்விக்கு நேரடியாகவே விடை சொன்னார்கள். கட்டணத்தை முற்றாக ஒழிக்கலாமா என்று 2018 மார்ச் 4 அன்று அங்கே நாடு தழுவிய வாக்கெடுப்பு நடந்தது. அப்போது ஒரு வீட்டுக்கு ஆண்டுக்கு 451 பிராங்க் வசூலிக்கப்பட்டது. உலகின் மிக உயர்ந்த கட்டணங்களில் அதுவும் ஒன்று. அப்படியிருந்தும் வாக்களித்தவர்களில் 71 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் ஒழிக்க வேண்டாம் என்றார்கள். ஜெர்மன், பிரெஞ்சு, இத்தாலியன், ரோமான்ஷ் என நான்கு மொழிகள் வழங்கும் அந்த நாட்டில், பெரிய மொழியினர் செலுத்தும் பணத்தின் ஒரு பகுதிதான் சிறிய மொழிகளின் ஒளிபரப்பைத் தாங்குகிறது. ரோமான்ஷ் மொழியைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் மக்கள்தொகையில் ஒரு சதவீதம்கூட இல்லை. அந்த மொழியில் நாள்தோறும் செய்தி தருவதற்குச் சந்தாவை நம்பி எந்த நிறுவனமும் முன்வராது. மொழியின் அருமையை அறிந்த எவரும் இந்த ஏற்பாட்டைக் கொடுமை என்று சொல்லமாட்டார்கள் என்று நம்புகிறேன்.

எனினும் உங்கள் கடிதத்தில் உள்ள ஒரு நியாயத்தை ஏற்றுக்கொள்கிறேன். விருப்பத்தைக் கேட்காமல் பணம் வாங்குகிறவர்கள், அந்தப் பணத்தின் ஒவ்வொரு காசுக்கும் கணக்குச் சொல்லக் கடமைப்பட்டவர்கள்.

கேள்வி: கட்டாயமாகத்தான் வாங்க வேண்டும் என்றால் பொது வரியிலிருந்தே கொடுத்துவிடலாமே? தனிக் கட்டணம், தனி வசூல், தனி அலுவலகம் எல்லாம் எதற்கு? தொலைக்காட்சி பார்ப்பதற்கான இந்த உரிமக் கட்டணத்தைப் பல நாடுகள் ஒழித்துவிட்டனவே?

பதில்: ஒழித்த நாடுகளின் பட்டியல் நீளமானதுதான். ஆஸ்திரேலியா 1974ஆம் ஆண்டிலும், நெதர்லாந்து 2000ஆம் ஆண்டிலும், நார்வே 2020ஆம் ஆண்டிலும் கைவிட்டன. வீட்டுக்கு 138 யூரோ வசூலித்துவந்த பிரான்ஸ் 2022ஆம் ஆண்டு அதை நிறுத்திவிட்டு, மதிப்புக்கூட்டு வரியின் ஒரு பகுதியை ஒதுக்கத் தொடங்கியது. வசூல் எளிது, செலவு குறைவு, தனி விவரப்பட்டியல் தேவையில்லை என்பனவெல்லாம் உண்மையே.

ஆனால் அந்தப் பணம் இனி யார் கை வழியாக வருகிறது என்பதையும் பார்க்க வேண்டும். ஆஸ்திரேலியாவில் 2013 தேர்தலுக்கு முந்தைய நாள், பொது ஒளிபரப்பு நிறுவனங்களின் நிதியில் வெட்டு இருக்காது என்று டோனி அபாட் தொலைக்காட்சியிலேயே வாக்குறுதி தந்தார். அவர் பிரதமரான மறு ஆண்டே, அந்நாட்டுப் பொது ஒளிபரப்பு நிறுவனமான ஏபிசிக்கு ஐந்து ஆண்டுகளில் 25.4 கோடி ஆஸ்திரேலிய டாலர் குறைக்கப்படும் என்று அறிவிக்கப்பட்டது. அமெரிக்காவில் 1967ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்த பொது ஒளிபரப்புக் கழகத்துக்கு, அன்றாட அரசியல் நெருக்கடி எட்டக்கூடாது என்றே இரண்டு ஆண்டுகளுக்கு முன்னதாகப் பணம் ஒதுக்கும் வழக்கம் இருந்தது. 2025 ஜூலையில் நாடாளுமன்றம், ஏற்கெனவே ஒதுக்கிய ஏறத்தாழ 110 கோடி டாலரை ஒரே சட்டத்தின் மூலம் திரும்பப் பெற்றது. அடுத்த மாதமே அந்தக் கழகம் தன் பணிகளை முடித்துக்கொள்வதாக அறிவித்தது. ஆண்டுதோறும் நிதிநிலை அறிக்கைக்குக் காத்திருக்கும் ஓர் ஆசிரியர் குழு, அதே நிதியமைச்சரைப் பற்றிய விசாரணைச் செய்தியை ஒளிபரப்ப வேண்டிய நாளில் எத்தனை முறை யோசிக்கும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

வரி அமைப்பைப் பயன்படுத்திக்கொண்டே இந்த ஆபத்தைக் குறைத்த நாடு பின்லாந்து. அங்கே 2013 முதல் உரிமக் கட்டணத்துக்குப் பதிலாகத் தனி ஒளிபரப்பு வரி வாங்கப்படுகிறது; அது பொதுக் கருவூலத்தில் கலந்துவிடாமல், நிதிநிலை அறிக்கைக்கு வெளியே உள்ள ஒரு தனி நிதியத்துக்குச் செல்கிறது. கட்டணம், வரி என்ற பெயர் வேறுபாட்டைவிட, அந்தப் பணம் எந்தப் பெட்டிக்குச் செல்கிறது, அதன் சாவி யாரிடம் இருக்கிறது என்பதையே நான் முதலில் பார்ப்பேன்.

கேள்வி: மாளிகையில் இருப்பவருக்கும் ஒற்றை அறையில் இருப்பவருக்கும் ஒரே கட்டணம். கட்டாவிட்டால் நீதிமன்றம். இதை நீங்கள் ஆதரிக்கிறீர்களா?

பதில்: இல்லை. இந்த ஒரு விஷயத்தில் கட்டணத்தை எதிர்ப்பவர்களோடு நான் முழுமையாக உடன்படுகிறேன்.

பிரிட்டனில் தொலைக்காட்சிக்கான உரிமம் 1946ஆம் ஆண்டு 2 பவுண்டாகத் தொடங்கியது. 2025 ஏப்ரலில் அது ஆண்டுக்கு 174.50 பவுண்டு ஆனது. வருமானம் எதுவாயினும் தொகை ஒன்றே. உரிமம் இல்லாமல் பார்ப்பது அங்கே குற்றவியல் குற்றம்; 1,000 பவுண்டு வரை அபராதம் விதிக்கலாம். கட்டணம் கட்டாததற்காக நேரடியாகச் சிறை இல்லை என்றாலும், அபராதத்தைக் கட்டாமல் விட்டால் சிறைக்குப் போக நேரலாம். இந்தக் குற்றத்துக்காகத் தண்டிக்கப்படுபவர்களில் ஏறத்தாழ நான்கில் மூவர் பெண்கள். கட்டணத்தை ஏய்ப்பதில் பெண்கள் முந்தி நிற்கிறார்கள் என்று இதற்குப் பொருளில்லை. சோதனை அலுவலர் கதவைத் தட்டும் பகல் வேளையில் வீட்டில் இருப்பவர்களும், தனியாகப் பிள்ளைகளை வளர்ப்பவர்களும் பெரும்பாலும் பெண்களே. கதவைத் திறந்து பதில் சொன்னவர் பெயரில் வழக்கு விழுகிறது. ஒரு மக்களாட்சி நிறுவனத்தின் செலவுக்கான பணம், மிகவும் நொடிந்த நிலையில் இருக்கும் ஒரு தாயைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றி வர வேண்டியதில்லை. மின்கட்டண நிலுவையைப் போல உரிமையியல் வழியில் இதையும் வசூலிக்கலாம்.

தொகையும் வருமானத்துக்கேற்ப மாற வேண்டும். பின்லாந்தில் குறைந்த வருமானம் உள்ளவர்கள் எதுவும் செலுத்துவதில்லை. மற்றவர்கள் வருமானத்தில் ஒரு விகிதத்தை, ஏறத்தாழ 160 யூரோ என்ற உச்சவரம்புக்குள் செலுத்துகிறார்கள். சுவீடனும் 2019 முதல் வருமானத்தில் ஒரு சதவீதம் என்ற முறைக்கு மாறி, அதற்கும் ஓர் உச்சவரம்பு வைத்திருக்கிறது. வீட்டுக்கு ஒரே தொகை என்றிருக்கும் ஜெர்மனியில்கூட அரசின் வாழ்வாதார உதவி பெறுவோருக்கு விலக்கும், பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்குச் சலுகையும் உண்டு.

கேள்வி: விளம்பரத்தில் வரும் வருவாயைக் கொண்டு நடத்தினால் யாருக்கும் சுமை இல்லையே?

பதில்: விளம்பரச் செலவைப் பொருளின் விலையில் சேர்த்து நாம்தான் செலுத்துகிறோம், ரசீது மட்டும் நமக்கு வருவதில்லை. சந்தைப் பொருளாதாரத்தில் பற்றுக்கொண்ட பிரிட்டனின் மார்கரெட் தாட்சர் அரசு, உரிமக் கட்டணத்தில் இயங்கும் பிபிசிக்கு விளம்பரம் பொருந்துமா என்று ஆராய்ந்து சொல்ல, பொருளியலாளர் ஆலன் பீகாக் தலைமையில் ஒரு குழுவை அமைத்தது. அந்தக் குழுவே 1986ஆம் ஆண்டு தன் அறிக்கையில் விளம்பரம் வேண்டாம் என்று பரிந்துரைத்தது. எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்பதை மட்டுமே விளம்பரதாரர் எண்ணுவார். அவர்களுக்கு அந்த நிகழ்ச்சி எவ்வளவு தேவைப்பட்டது என்பதை எண்ண அவரிடம் கருவி இல்லை.

கேள்வி: உரிமக் கட்டணம் இருந்தால் அரசின் தலையீடு இருக்காது என்கிறீர்கள். அப்படி நடந்ததாக வரலாறு காட்டுகிறதா?

பதில்: கட்டணம் மட்டுமே போதும் என்று நான் சொன்னால் அது பொய்யாகிவிடும். கிரேக்கத்தின் பொது ஒளிபரப்பு நிறுவனத்துக்கு மின்கட்டணச் சீட்டோடு சேர்த்து வசூலிக்கப்பட்ட கட்டணமே முதன்மையான வருவாய். ஆனாலும் 2013 ஜூன் 11 அன்று அரசு மூடப்போவதாக அறிவித்து, அன்று இரவே ஒளிபரப்பைத் துண்டித்தது. அது மீண்டும் திறக்கப்பட இரண்டு ஆண்டுகள் ஆயின. பிரிட்டனில் கட்டணத் தொகையை அரசே நிர்ணயிப்பதால், 2010 முதல் ஏழு ஆண்டுகள் அது 145.50 பவுண்டிலேயே உறைந்து நின்றது. பின்னர் 2015ஆம் ஆண்டு, 75 வயதைக் கடந்தவர்களுக்கு அரசு வழங்கிவந்த இலவச உரிமத்தின் செலவும் பிபிசியின் தலையிலேயே சுமத்தப்பட்டது. விளைவாக 2020 ஆகஸ்ட் முதல், ஓய்வூதியத் துணைத்தொகை பெறும் வறிய முதியோரின் வீடுகளுக்கு மட்டுமே அந்தச் சலுகை சுருங்கியது. முடிவெடுத்தவர்கள் ஆட்சியாளர்கள், முதியவர்களின் கோபத்துக்கு ஆளானது ஒளிபரப்பு நிறுவனம்.

எனவே தொகையை யார் நிர்ணயிக்கிறார்கள் என்பதே உயிர்நாடி. இதில் ஜெர்மனியின் அனுபவத்தைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். வானொலியை நாஜி அரசு பிரச்சாரக் கருவியாக்கியதை நேரில் கண்ட சமூகம் அது. போருக்குப் பின் ஒளிபரப்பை நடுவண் அரசிடம் விடாமல் மாநிலங்களிடம் பிரித்துக் கொடுத்தார்கள். அப்போது நடுவண் அரசின் தலைவராக இருந்த கொன்ராட் அடினாவர் தன் அரசின் பிடியில் ஒரு தொலைக்காட்சியைத் தொடங்க முயன்றபோது, அரசமைப்பு நீதிமன்றம் 1961ஆம் ஆண்டு அதைத் தடுத்தது. இன்று அங்கே ஒளிபரப்பு நிறுவனங்கள் தங்கள் தேவையைக் கணக்கிட்டு ஒரு தனி ஆணையத்திடம் கொடுக்கின்றன. மாநிலத்துக்கு ஒருவராக 16 வல்லுநர்கள் உள்ள அந்த ஆணையம் கணக்கைச் சரிபார்த்து, தேவையற்றதை வெட்டி, ஒரு தொகையைப் பரிந்துரைக்கிறது. மாநிலச் சட்டமன்றங்கள் அதற்கு ஒப்புதல் தர வேண்டும். நிகழ்ச்சிகள் பிடிக்கவில்லை என்ற காரணத்துக்காக அவை மறுக்க முடியாது. 2020 இறுதியில் சாக்சனி அன்ஹால்ட் என்ற ஒரே மாநிலம் முட்டுக்கட்டை போட்டபோது, அரசமைப்பு நீதிமன்றம் தலையிட்டு, 2021ஆம் ஆண்டு மாதம் 18.36 யூரோ என்ற உயர்வை நடைமுறைக்குக் கொண்டுவந்தது.

இந்த முறையிலும் இழுபறி உண்டு. 2025 முதல் வசூலிக்குமாறு ஆணையம் பரிந்துரைத்த 18.94 யூரோவை மாநிலங்கள் உரிய காலத்தில் நிறைவேற்றவில்லை. ஆனால் அந்த இழுபறி கணக்கை முன்வைத்து, மக்கள் பார்வையில் நடக்கிறது என்பதே எனக்கு மதிப்புள்ளதாகப் படுகிறது.

கேள்வி: இப்போது எல்லோரும் கைபேசியில் பார்க்கிறார்கள். தொலைக்காட்சிப் பெட்டியே இல்லாத வீட்டில் எதை வைத்து வசூலிப்பது?

பதில்: பெட்டியைத் தேடுவதை விட்டுவிட வேண்டும். ஜெர்மனி 2013ஆம் ஆண்டு அதைத்தான் செய்தது: எந்தக் கருவி இருக்கிறது என்று கேட்காமல் ஒரு குடியிருப்புக்கு ஒரு கட்டணம் என்றாக்கியது. இத்தாலி 2016ஆம் ஆண்டு மின்கட்டணச் சீட்டோடு இணைத்தது. ஏய்ப்பு பெருமளவு குறைந்ததால் 113.50 யூரோவாக இருந்த தொகையை 100 ஆக இறக்க முடிந்தது. எல்லோரும் செலுத்தும்போது ஒவ்வொருவரும் செலுத்துவது குறைகிறது.

கேள்வி: பொதுத் தொலைக்காட்சி ஒரு பக்கம் சாய்ந்தே செய்தி தருகிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன். என் பணத்தை நிறுத்திவைக்கும் உரிமை எனக்கு வேண்டாமா?

பதில்: உங்கள் கோபம் புரிகிறது. ஜப்பானில் அப்படி ஓர் உரிமை நடைமுறையில் இருந்தது என்றே சொல்லலாம். அங்குள்ள பொது ஒளிபரப்பு நிறுவனமான என்எச்கேவுக்குக் கட்டணம் செலுத்த ஒப்பந்தம் செய்ய வேண்டும் என்று 1950ஆம் ஆண்டின் ஒளிபரப்புச் சட்டம் சொன்னாலும், செய்யாதவர்களுக்குத் தண்டனை விதிக்கவில்லை. 2004ஆம் ஆண்டு அங்கே ஒரு தயாரிப்பாளரின் பண மோசடி அம்பலமானபோது, பல லட்சம் வீடுகள் கட்டணத்தை நிறுத்தின. 2005 ஜனவரியில் நிறுவனத்தின் தலைவர் பதவி விலகினார். நிதிமோசடிக்கு எதிராக மக்கள் காட்டிய அந்தச் சினம் நியாயமானது.

ஆனால் செய்தியின் சாய்வுக்கு எதிராக அதே ஆயுதத்தைக் கொடுத்தால், மிகப் பெரிய கூட்டத்தைத் திரட்டக்கூடிய கட்சி எதுவோ அதற்கே செய்தி அறை அஞ்சத் தொடங்கும். அமைச்சரிடமிருந்து மீட்ட சாவியைக் கூட்டத்திடம் கொடுத்ததாகும். அதற்குப் பதிலாக உங்களுக்கு உரிமையாக வேண்டியவை வேறு சில. உங்கள் புகாரை ஒளிபரப்பு நிறுவனத்துக்கு வெளியே உள்ள ஓர் அமைப்பு விசாரித்துக் காரணத்தோடு தீர்ப்பை வெளியிட வேண்டும். பிரிட்டனில் 2017 முதல் ஒளிபரப்பு ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்காம் அந்தப் பொறுப்பை ஏற்றிருக்கிறது. நிர்வாகக் குழுவை ஆளுங்கட்சி மட்டும் நியமிக்கக்கூடாது. உயர் பதவியினரின் ஊதியம் முதல் ஒவ்வொரு பிரிவின் செலவு வரை ஆண்டுதோறும் வெளிவர வேண்டும். இவற்றில் ஒன்று இல்லையென்றாலும் அதைக் கேட்டு எழுதுங்கள்; அந்தக் கடிதத்தில் நானும் கையெழுத்திடுவேன்.