ட்ரை-கேட்ச் போட்டும் வெள்ளைப் பக்கம் வருவது ஏன்

பிஎச்பி மொழியில் எழுதிய பாம்பன் மீன் விலைப் பக்கத்தில் ட்ரை-கேட்ச் (ட்ரைக்குள் வரும் பிழையை கேட்ச் பிடிக்கும்) போட்டு, டிஸ்ப்ளே எரர்ஸையும் (பிழையைத் திரையில் காட்டும் செட்டிங்) முதல் வரியிலேயே திறந்துவிட்டும் வெள்ளைப் பக்கம்தான் வருகிறது என்கிறீர்கள். நண்பரே, அது ஓடும்போது வரும் பிழை இல்லை. பிஎச்பி கோப்பை முழுக்கப் படித்துத் தொகுத்த பிறகுதான் முதல் வரியையே ஓட்டும், அதனால் 84ஆவது வரியில் ஒரு அரைப்புள்ளி விட்டுப்போனாலும் நீங்கள் மேலே எழுதிய எதுவும் ஓடாது. கரையிலேயே நிற்கிற படகில் வலையைக் குறை சொல்லி என்ன பண்ண?

டிஸ்ப்ளே எரர்ஸ் செட்டிங்கை பிஎச்பி டாட் ஐஎன்ஐ என்ற பிஎச்பியின் அமைப்புக் கோப்பில் போடுங்கள் (உங்கள் கணினியில் மட்டும், சர்வரில் லாக், அதாவது பிழைகளைக் கோப்பில் பதிவது, போதும்). பக்கத்தை சர்வரில் ஏற்றுவதற்கு முன் பிஎச்பி கட்டளையோடு மைனஸ் எல், கோப்புப் பெயர் கொடுத்தால் பிழையை வரி எண்ணோடு சொல்லிவிடும். அப்புறம், விலைப் பக்கத்தைத் தனிக் கோப்பாக்கி, சின்ன முதன்மைக் கோப்பிலிருந்து ட்ரைக்குள் இன்க்ளூட் செய்தால் (அந்தக் கோப்பை உள்ளே இழுத்தால்) பிஎச்பி 7 முதல் இந்தப் பிழையும் கேட்சில் விழும், ஆனால் கேட்சில் பிழை வகையை எக்செப்ஷன் என்று போட்டால் சிக்காது, த்ரோவபிள் என்றே போடுங்கள்.

இன்னொன்று, அரைப்புள்ளி விட்டுப்போய், பிழைச் செய்தி 85ஆவது வரி என்று சொன்னால் 84ஐப் பாருங்கள். மண்டபத்தில் ஐஸ் கணக்குப் பக்கம் எழுதியபோது எனக்கு இதிலேயே ஒரு ராத்திரி போனது.