பாய், பாய்மரம், இன்ஜின்: படகுக் காப்பீடு குறித்த வாசகர் கேள்விகள்

வடகிழக்குப் பருவமழை முடிந்ததும் வழக்கம்போல் கடிதங்கள் குவிந்துள்ளன. பாலிசியின் நகலைப் பார்க்காமல் உறுதியான பதில் கூற இயலாது என்று பலமுறை எழுதியும், பாலிசி எந்த விதிகளின்கீழ் வழங்கப்பட்டது என்பதைக்கூடப் பாதிப் பேர் குறிப்பிடவில்லை. ஆகவே உல்லாசப் பாய்மரப் படகுகளுக்கு வழங்கப்படும் இன்ஸ்டிட்யூட் யாட் கிளாசஸ் 1985 விதிகளை வைத்தே பதில் எழுதுகிறேன்.

பலத்த காற்றில் முன்பாய் இரண்டாகக் கிழிந்தது. இழப்பீடு உண்டா? (வாசகர், புதுச்சேரி)

விரித்திருந்த பாய் காற்றினால் மட்டும் கிழிந்திருந்தால் கிடையாது. பாய் கட்டியிருந்த மரம் சேதமடைந்ததாலோ, படகு தரைதட்டியதாலோ மோதியதாலோ கிழிந்திருந்தால் உண்டு. இவற்றில் எது நடந்தது என்பதை நீங்கள் எழுதவே இல்லை.

பந்தயத்தில் பாய்மரம் முறிந்தது. (வாசகர், கடலூர்)

பந்தய இடருக்குத் தனியாகப் பிரீமியம் கட்டியிருந்தால் கேளுங்கள். இல்லையெனில், படகு மோதியோ தரைதட்டியோ மூழ்கியோ தீப்பிடித்தோ அதனால் மரம் முறிந்திருந்தாலன்றி வழியில்லை.

அரியாங்குப்பம் முகத்துவார மணல்திட்டில் படகு கவிழ்ந்து அவுட்போர்டு இன்ஜின் (படகின் பின்புறம் வெளியே மாட்டும் இன்ஜின்) மூழ்கியது. சேதத்தை மதிப்பிடும் காப்பீட்டு சர்வேயர் வரும்வரை எதையும் தொடக்கூடாது என்று நண்பர் கூறியதால் பன்னிரண்டு நாள் அப்படியே வைத்திருந்தேன். துருப்பிடித்த பாகங்களுக்குப் பணம் தர மறுக்கிறார்கள். இது நியாயமா? (வாசகர், புதுச்சேரி)

நியாயம்தான். காப்பீடு எடுத்தவர் இழப்பைத் தவிர்க்கவும் குறைக்கவும் தக்க முயற்சி எடுக்கக் கடமைப்பட்டவர் என்று 1963ஆம் ஆண்டின் கடல்சார் காப்பீட்டுச் சட்டம் 78ஆவது பிரிவில் தெளிவாகக் கூறுகிறது. உப்புநீரில் மூழ்கிய இன்ஜின் நீருக்கடியில் இருக்கும்போது கெடுவதைவிட, வெளியே எடுத்துக் காற்றுப்பட வைத்த பிறகே விரைவாக அரிக்கப்படுகிறது. எனவே எடுத்த சில மணி நேரத்துக்குள் நன்னீரில் கழுவி, ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, சிலிண்டரிலும் கார்புரேட்டரிலும் உள்ள நீரை வடித்து, எண்ணெய் தெளிக்க வேண்டும். மெக்கானிக் உடனே கிடைக்காவிட்டால் அவர் வரும்வரை நன்னீர்த் தொட்டியிலேயே மூழ்க வைத்திருக்கலாம். முகத்துவாரத்தில் மூழ்கியதாகையால் உள்ளே மணல் புகுந்திருக்கக்கூடும் என்ற நிலையில் ஸ்டார்ட்டர் கயிற்றை மட்டும் இழுக்கக் கூடாது. இவற்றுக்கு ஆகும் நியாயமான செலவையும், ரசீது இருந்தால், யாட் கிளாசஸ் விதிகளின்கீழ் கேட்டுப் பெறலாம்.

இதற்கு நேர்மாறானவர்களும் உண்டு. கடலூர் பழைய துறைமுகப் பகுதியிலிருந்து எழுதிய ஒருவர், கிழிந்த பாயையும் வளைந்த பாய்மரத்தையும் பழைய இரும்புக் கடையில் போட்டுவிட்டு, சர்வேயர் நம்ப மறுக்கிறார் என்று குறைப்படுகிறார். அவர் எதைப் பார்த்து நம்புவார்? முதலில் புகைப்படம் எடுங்கள். பிறகு நிறுவனத்துக்கு எழுத்தில் தகவல் கொடுங்கள். அதன்பின் பொருளைக் காப்பாற்றும் வேலையைச் செய்யுங்கள். கழற்றிய ஒவ்வொரு பாகத்தையும் சர்வேயர் பார்க்கும்வரை சாக்கில் கட்டி வையுங்கள். ஆண்டுதோறும் இதையே எழுதுகிறேன், ஆண்டுதோறும் பாகங்கள் காயலான் கடைக்கே போய்ச் சேருகின்றன.

இன்ஜின் கழன்று கடலில் விழுந்துவிட்டது. (வாசகர், தேவனாம்பட்டினம்)

கழன்று விழுந்தால் கிடையாது. திருட்டுப் போயிருந்தாலும், திருகுப் பிடிப்போடு தனிப் பூட்டும் போட்டிருந்தால்தான் உண்டு.

ஏறத்தாழ 60,000 ரூபாய்ப் பாய்க்கு 40,000 என்கிறார்கள். (வாசகர், புதுச்சேரி)

பாய்களுக்கும், இழுத்து இயக்கும் கயிறுகளுக்கும், அவுட்போர்டு இன்ஜின்களுக்கும் புதுப் பொருளின் விலையில் மூன்றில் ஒரு பங்கு வரை கழிக்க நிறுவனத்துக்கு உரிமை உண்டு. அவர்கள் அதை முழுமையாகப் பயன்படுத்தியிருக்கிறார்கள். அது உச்சவரம்புதான், கட்டாயம் அன்று. பாய் அண்மையில் வாங்கியது என்றால் ரசீதை இணைத்துக் கழிவைக் குறைக்கக் கேளுங்கள்.

2024 ஃபெஞ்சல் புயல் சேதத்துக்கான கோரிக்கையை நிராகரித்துவிட்டார்கள். இனி என்ன வழி? (வாசகர், கடலூர்)

நிராகரிப்புக் கடிதம் வந்த தேதியை எழுதாமல் என்ன வழி என்று கேட்பது முறையன்று. நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதி, ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ பதில் திருப்தி அளிக்காவிட்டாலோ, சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் ஓராண்டுக்குள் முறையிடலாம். புதுச்சேரியும் கடலூரும் அவருடைய எல்லைக்குள் வருகின்றன. கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் வேண்டியதில்லை. புகைப்படங்களையும் சர்வேயர் அறிக்கையின் நகலையும் மறவாமல் இணையுங்கள்.