இங்கிலாந்து லாட்டரி: பங்கு சேருமுன் தெரிந்துகொள்ள வேண்டியவை

தம்பி, நீங்கள் கேட்டது மூன்று விஷயம். லெஸ்டரில் உங்களோடு ஒரே வீட்டில் இருக்கும் ஐந்து மாணவர்கள் சேர்ந்து வாரா வாரம் நேஷனல் லாட்டரி போடலாம் என்கிறார்கள், சேரலாமா? மாணவர் விசாவில் இருப்பவர் போடலாமா? ஊரிலிருந்து மாமா “பணம் அனுப்புகிறேன், எனக்கும் ஒரு சீட்டு எடு” என்கிறார், எடுக்கலாமா?

விசா கேள்வியை முதலில் முடித்துவிடலாம். 18 வயது நிரம்பிய யாரும் கடையில் சீட்டு வாங்கலாம், குடியுரிமை கேட்பதில்லை. (முன்பு 16 வயது போதும். 2021இல் 18 ஆக்கினார்கள். முகம் சின்னதாகத் தெரிந்தால் கடைக்காரர் அடையாள அட்டை கேட்பார், கோபப்படாதீர்கள்.) பரிசுப் பணம் சம்பளமும் அல்ல, அரசு உதவித்தொகையும் அல்ல. ஆகவே வேலை நேர வரம்பை அது தொடாது. இணையத்தில் வாங்க மட்டும் இந்த நாட்டு முகவரியும் இந்த நாட்டு வங்கிக் கணக்கும் வேண்டும்.

தமிழ்நாட்டில் 2003இலிருந்து லாட்டரி தடை. அதனால் உங்கள் வயதுக்காரர்களுக்கு லாட்டரி என்றாலே கள்ளத்தனமான தொழில் என்ற எண்ணம் இருப்பது இயல்பு. இங்கே அது சட்டம் போட்டு நடத்துவது. 1993இல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது, ஜான் மேஜர் பிரதமராக இருந்தபோது. முதல் குலுக்கல் 1994 நவம்பர் 19, சனிக்கிழமை இரவு, பிபிசியில் நேரலை. உரிமம் பெற்ற ஒரு நிறுவனம் நடத்தும், சூதாட்ட ஆணையம் கண்காணிக்கும். தொடக்கத்திலிருந்து கேம்லாட் நிறுவனம் நடத்தியது. 2024 பிப்ரவரி 1 முதல் ஆல்வின் நடத்துகிறது.

நாட்டுக்கு இது புதிதும் அல்ல. முதலாம் எலிசபெத் ராணி துறைமுகங்களைச் செப்பனிடப் பணம் திரட்ட 1567இல் லாட்டரி அறிவித்தார். 1569இல் லண்டன் செயின்ட் பால் தேவாலய வாசலில் குலுக்கினார்கள். பிரிட்டிஷ் மியூசியம் தொடங்க 1753இல் பணம் திரட்டியதும் லாட்டரி மூலம்தான். முகவர்களின் மோசடி பெருகிப் பெருகி, 1826இல் அரசு லாட்டரியையே நிறுத்திவிட்டார்கள். பிறகு 168 வருஷம் கழித்துத்தான் மறுபடி வந்தது.

“விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு” என்று நம் ஊர்ப் பரிசுச் சீட்டுக்கு ஒரு பழைய வாசகம் உண்டு. இங்கே அந்த “நாட்டுக்கு” கணக்கில் காட்டப்படுகிறது. தொடங்கிய காலத்தில் ஒரு பவுண்டு சீட்டில் பரிசுக்கு 50 பென்ஸ், நற்பணிகளுக்கு 28, அரசு வரிக்கு 12, கடைக்காரருக்கு 5, மீதி நடத்துபவருக்கு. 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் பிரிட்டனுக்குக் கிடைத்தது ஒரே ஒரு தங்கம், பட்டியலில் 36ஆம் இடம். 1997 முதல் லாட்டரிப் பணம் வீரர்களின் பயிற்சிக்குப் போகத் தொடங்கியது. 2012 லண்டனில் 29 தங்கம், மூன்றாம் இடம். இந்த லாட்டரியைப் பற்றி மனதாரப் பாராட்ட வேண்டியது இதுதான்.

இனி ஆட்டம். லோட்டோ என்பது முதன்மை ஆட்டம், புதன், சனி இரு நாளும் குலுக்கல். 1 முதல் 59 வரை உள்ள எண்களில் ஆறைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒரு வரிசைக்கு 2 பவுண்டு. கடையில் கட்டம் போட்ட தாள் இருக்கும், அதில் பேனாவால் கோடு போட்டுக் கொடுத்தால் இயந்திரம் சீட்டு அச்சிடும். எண் தேர்ந்தெடுக்கச் சோம்பலாக இருந்தால் “லக்கி டிப்” என்று சொல்லுங்கள், இயந்திரமே ஆறு எண் போட்டுத்தரும். குலுக்கல் நாளில் மாலை 7.30க்கு விற்பனை மூடிவிடும். 7.35க்கு வாங்கும் சீட்டு அன்றைய குலுக்கலுக்கு இல்லை, அடுத்ததற்குத்தான். நண்பர்களுக்குள் சண்டை வரும் முதல் இடம் இது.

ஆறு பந்து விழுந்த பிறகு ஏழாவதாக ஒரு போனஸ் பந்து விழும். 2018 நவம்பரில் வந்த விதிகளின்படி இரண்டு எண் பொருந்தினால் அடுத்த ஆட்டத்துக்கு ஒரு லக்கி டிப் இலவசம், மூன்றுக்கு 30 பவுண்டு, நான்குக்கு 140, ஐந்துக்கு 1,750, ஐந்தோடு போனஸும் பொருந்தினால் 10 லட்சம் பவுண்டு. ஆறும் பொருந்தினால் ஜாக்பாட். ஜாக்பாட் யாருக்கும் விழாவிட்டால் அடுத்த குலுக்கலுக்கு உருண்டு போகும். அப்படி ஐந்து முறைதான். அதற்கடுத்த குலுக்கலிலும் ஆறு எண் யாரும் போடவில்லை என்றால் அந்தப் பணத்தைக் கீழ்ப் பரிசுக்காரர்களுக்குப் பிரித்துவிடுவார்கள். போட்டே தீருவேன் என்றால் இந்த “விழுந்தே ஆக வேண்டிய” குலுக்கலைப் பார்த்துப் போடுங்கள். மற்ற நாளைவிட அன்று சீட்டின் மதிப்பு கொஞ்சம் கூடுதல்.

வாய்ப்பு எவ்வளவு? 59 எண்களில் ஆறை எடுக்க 4,50,57,474 வழிகள் உண்டு, அதில் ஒன்று உங்களுடையது. 2015 அக்டோபர் வரை 49 பந்துதான் இருந்தது, அப்போது 1,39,83,816. பத்துப் பந்து கூட்டியதில் வாய்ப்பு மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே போய்விட்டது. வாரம் இரண்டு சீட்டு விடாமல் போட்டால் சராசரியாக 4,33,000 வருஷத்துக்கு ஒரு ஜாக்பாட். மூன்று எண் பொருந்த 96இல் ஒன்று, நான்குக்கு 2,180இல் ஒன்று, ஐந்துக்கு 1,44,415இல் ஒன்று. நிலையான பணப் பரிசுகளை மட்டும் வாய்ப்போடு பெருக்கிக் கூட்டினால் 2 பவுண்டு சீட்டின் மதிப்பு 52 பென்ஸ். ஜாக்பாட், இலவசச் சீட்டு இரண்டையும் சேர்த்தாலும் போட்ட காசு வராது. ஆகவே இதைச் சேமிப்பு என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். குலுக்கலும் வேண்டும், முதலும் பத்திரமாக இருக்க வேண்டும் என்றால் 1957இலிருந்து குலுக்கல் நடக்கும் பிரீமியம் பாண்ட் என்ற அரசுச் சேமிப்புப் பத்திரம் இருக்கிறது. குறைந்தது 25 பவுண்டு. பரிசு விழாவிட்டாலும் போட்ட பணத்தை எப்போது வேண்டுமானாலும் திரும்ப எடுக்கலாம்.

எண்ணை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று கட்டாயம் கேட்பீர்கள். எந்த எண்ணுக்கும் விழும் வாய்ப்பு ஒன்றுதான், ராசி எண்ணுக்கும் சேர்த்து. ஆனால் ஜாக்பாட் விழுந்தால் எத்தனை பேரோடு பங்கு போட வேண்டியிருக்கும் என்பது உங்கள் கையில் இருக்கிறது. 1995 ஜனவரி 14 அன்று 7, 17, 23, 32, 38, 42 விழுந்தது. சுமார் 1.6 கோடி பவுண்டு ஜாக்பாட். அதே ஆறு எண்ணைப் போட்டிருந்தவர்கள் 133 பேர்! ஆளுக்கு 1,22,510 பவுண்டுதான் மிஞ்சியது. அந்த எண்கள் தாளின் நடுப்பகுதியில் இடைவெளி விட்டு அழகாக அமைந்தவை, கை தானாக அங்கே போகும். 2016 மார்ச் 23 இன்னும் வேடிக்கை. விழுந்த ஆறில் ஐந்து எண்கள் ஏழாம் வாய்ப்பாடு: 7, 14, 21, 35, 42. அந்த ஐந்தையும் போட்டிருந்தவர்கள் 4,082 பேர். அப்போது ஐந்து எண் பரிசைப் பிரித்துக் கொடுப்பார்கள், ஆளுக்கு வந்தது 15 பவுண்டு. மூன்று எண் போட்டவருக்கு 25! பிறந்த தேதி வைத்து எல்லோரும் 31க்குள்ளேயே நிற்பார்கள். ஆகவே 31க்கு மேலும் எண் எடுங்கள், வாய்ப்பாடு, நேர்கோடு, கோலம் வேண்டாம். லக்கி டிப் இதற்குச் சுலபமான வழி.

பந்தில் மோசடி இருக்குமோ என்ற பயம் வேண்டாம். பல இயந்திரங்கள், பல பந்துத் தொகுதிகள், எது அன்றைக்கு என்பது குலுக்கலுக்குச் சற்று முன்தான் முடிவாகும், வெளித் தணிக்கையாளர் நின்று பார்ப்பார். இங்கே ஆட்கள் பரிசை இழப்பதெல்லாம் காகித விஷயத்தில் காட்டும் அலட்சியத்தால்தான்.

கடைச் சீட்டு என்பது கையில் வைத்திருப்பவருடையது. வாங்கியவுடன் எண்ணையும் தேதியையும் சரிபாருங்கள், பின்புறம் பெயர், முகவரி எழுதிக் கையெழுத்திடுங்கள். அது வெப்பத் தாள். காரின் கண்ணாடி அருகே வெயிலில் விட்டால் கறுத்துப் போகும், லேமினேட் செய்தால் அன்றே போயிற்று. பரிசைக் குலுக்கல் நாளிலிருந்து 180 நாளுக்குள் கேட்க வேண்டும். சீட்டு தொலைந்தால் 30 நாளுக்குள் எழுத்து மூலம் தெரிவித்தால்தான் பரிசீலிப்பார்கள். 100 பவுண்டு வரை கடையிலேயே தருவார்கள். 500 வரை தருவது கடைக்காரர் விருப்பம். அதற்கு மேல் சீட்டின் பின்புறம் உள்ள எண்ணை அழையுங்கள். பரிசுக்கு வருமான வரி இல்லை. வங்கியில் போட்டு வரும் வட்டிக்கு உண்டு. பெயரை வெளியிட வேண்டாம் என்றும் சொல்லலாம். “நீங்கள் வென்றுவிட்டீர்கள், கட்டணம் அனுப்புங்கள்” என்று மின்னஞ்சல் வந்தால் திறக்காமலே அழியுங்கள். பரிசு தர யாரும் முன்பணம் கேட்பதில்லை.

மாமாவுக்கு எடுக்க வேண்டாம். லாட்டரிச் சீட்டு வாங்க வெளிநாட்டுக்குப் பணம் அனுப்புவதை இந்திய அந்நியச் செலாவணி விதிகள் தடை செய்கின்றன. அவர் நல்ல மனதோடு அனுப்பினாலும் சிக்கல் அவர் தலையில்தான் விழும்.

கூட்டாளிகளோடு சேரலாம், முதல் சீட்டு எடுக்கும் முன் எழுதி வைத்துக்கொண்டால். ஒரு தாள் போதும். யார் யார் உறுப்பினர், ஆளுக்கு எவ்வளவு, யார் வாங்குவது, சீட்டு யாரிடம் இருக்கும், எந்த ஆட்டம், எந்த நாள், இலவச லக்கி டிப் யாருக்கு. எல்லாவற்றையும் விட முக்கியம், ஒருவர் அந்த வாரம் பணம் தராவிட்டால் அவருக்குப் பங்கு உண்டா இல்லையா என்பது. வாங்குபவர் தனக்கென்று தனியாக ஒரு சீட்டும் எடுத்தால் எது கூட்டுச் சீட்டு என்று எப்படி அறிவது என்பதையும் எழுதுங்கள். வாங்கிய உடனே படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடுவது நல்ல வழி. எல்லோரும் தேதியிட்டுக் கையெழுத்திடுங்கள். இந்தத் தாள் இல்லாமல் ஒருவர் பெயரில் பெரிய பரிசு வந்து அவர் பிரித்துக் கொடுத்தால், அது அன்பளிப்பாகக் கருதப்படலாம். கொடுத்தவர் ஏழு வருஷத்துக்குள் இறந்தால் அதற்கு வாரிசு வரி கேட்கவும் வழி உண்டு. சனிக்கிழமை 7.30க்கு முன் தாளில் எல்லோர் கையெழுத்தும் விழவில்லை என்றால், அந்த வாரம் உங்கள் பங்கைக் கொடுக்காதீர்கள்.