காலிக் குப்பிகளை என்ன செய்வது? – ஆய்வகக் கேள்வி பதில்

கேள்வி: எங்கள் மருந்துத் தரக்கட்டுப்பாட்டு ஆய்வகத்தில் ஹெச்.பி.எல்.சி. கருவிக்கு (கலவையில் உள்ள பொருள்களைப் பிரித்து அளப்பது) தினமும் 200 சின்னக் கண்ணாடிக் குப்பிகள் (2 மி.லி.) செலவாகின்றன. வேலை முடிந்ததும் மூடியோடு பையில் போட்டுவைக்கிறோம். மாதக் கடைசியில் அறையே நாறுகிறது. காயலான் கடைக்காரரும் எடுக்க மறுக்கிறார். – வாசகர், செங்கல்பட்டு

பதில்: அவர் மறுத்தது நல்லதாகப் போயிற்று. கருவியின் ஊசி குத்திய செப்டம் (மூடியின் நடுவில் உள்ள ரப்பர் தட்டு) மூடியது போலத் தெரிந்தாலும், அந்தத் துளை வழியே அசிட்டோநைட்ரைலும் மெத்தனாலும் ஆவியாகிக்கொண்டே இருக்கும். குப்பிக்கு 1 மி.லி. மிச்சம் என்றாலும் 25 வேலை நாளில் 5 லிட்டர் ஆகிவிடும். எளிதில் தீப்பிடிக்கும் கரைப்பான் அத்தனையும் ஒரு பிளாஸ்டிக் பைக்குள் கிடக்கிறது.

அன்றைய குப்பியை அன்றே காலி செய்யுங்கள். ஃபியூம் ஹூட்டுக்குள் (ஆவியை உறிஞ்சி வெளியேற்றும் அடைப்பு) மூடிகளைக் கழற்றி, ரேக்கின் மேல் கம்பி வலையை அழுத்திப் பிடித்து, தட்டின் மேல் கவிழ்க்க வேண்டும். வாய் குறுகலாக இருப்பதால் தண்ணீர் கலந்த திரவம் விழாமல் தொங்கி நிற்கும். ரேக்கைத் தட்டின் விளிம்பில் இரண்டு தட்டு தட்டினால் இறங்கிவிடும். உள்ளே செருகும் சின்ன இன்சர்ட் இருந்தால் இடுக்கியால் எடுத்துத் தனியாக வடியுங்கள். குளோரோஃபார்ம், டைகுளோரோமீத்தேன் இருந்தவற்றுக்குத் தனி கேன் வேண்டும்.

பிறகு மூன்று முறை அலசல். குப்பியில் 0.1 மி.லி. ஒட்டியிருக்க, ஒவ்வொரு முறையும் 1 மி.லி. விட்டு அலசினால், மூன்றாம் முறைக்குப் பின் மிஞ்சுவது சுமார் 1,300இல் ஒரு பங்குதான். அதே 3 மி.லி.யை ஒரே தடவையில் விட்டால் 31இல் ஒரு பங்கு மிஞ்சும். பாஸ்பேட் பஃபர் (உப்புக் கரைசல்) இருந்த குப்பிக்கு முதலில் தண்ணீர், அப்புறம்தான் மெத்தனால். மாற்றிச் செய்தால் உப்பு படிந்து அடியில் வெள்ளையாக ஒட்டிக்கொள்ளும். அலசிய நீரும் கழிவு கேனுக்கே போக வேண்டும், சிங்க்குக்கு அல்ல. ஹூட்டில் திறந்துவைத்து ஆவியாக விடுவது கழிவை அகற்றுவதாகாது. இருந்த இடத்திலிருந்து காற்றுக்கு மாற்றுவதுதான்.

புற்றுநோய் மருந்து இருந்த குப்பிகளைத் திறக்கவே வேண்டாம். கசியாத டப்பாவில் போட்டு, முழுதாகவே எரிப்பதற்கு அனுப்புங்கள்.

அலசாத குப்பிகளும் கழற்றிய மூடிகளும் அபாயகரக் கழிவில் சேரும். 2016ஆம் ஆண்டு அபாயகரக் கழிவு விதிகளின் முதல் அட்டவணையில் 33.1 என்ற வகையே ரசாயனம் பட்ட காலிக் கொள்கலன்களுக்கானதுதான். தடித்த பிளாஸ்டிக் டிரம்மில் முக்கால் அளவு மட்டும் நிரப்பி, படிவம் 8 லேபிள் ஒட்டி, 90 நாளுக்குள் படிவம் 10 மேனிஃபெஸ்ட்டுடன் (கழிவோடு போகும் சீட்டு) அனுமதி பெற்ற நிலையத்துக்கு அனுப்ப வேண்டும். கும்மிடிப்பூண்டியில் அத்தகைய நிலையம் உண்டு. மூடிகளைக் குப்பையோடு கொளுத்திவிடாதீர்கள்; செப்டத்தில் இருக்கும் டெஃப்லான் எரிந்தால் ஃபுளோரின் கலந்த நச்சு வாயுக்கள் வரும்.

இன்னொன்று. ஒரே ஸ்டாண்டர்டை (அளவு தெரிந்த ஒப்பீட்டுக் கரைசல்) கருவியில் ஆறு முறை செலுத்த ஆறு குப்பி நிரப்புகிறவர்கள் நிறையப் பேர். 10 மைக்ரோலிட்டர் வீதம் ஆறு முறைக்கு 60 மைக்ரோலிட்டர்தான் செலவு. உங்கள் செயல்முறை அனுமதித்தால் ஒரு குப்பியே தாராளம்.

கேள்வி: நன்றாகக் கழுவிய குப்பியை உருக்கினால் பாட்டில் ஆகாதா? – வாசகர், சேலம்

பதில்: ஆகாது. பாட்டில் சோடா-சுண்ணாம்புக் கண்ணாடி. சுமார் 720 டிகிரி செல்சியஸில் இளகும். குப்பி போரோசிலிகேட் (சூடு தாங்கும் கண்ணாடி), இளக சுமார் 820 டிகிரி வேண்டும். பாட்டில் உலையில் இது சரியாகக் கரையாமல் கட்டி கட்டியாக நிற்கும். சூட்டில் விரிவதிலும் இரண்டுக்கும் ஏறக்குறைய மூன்று மடங்கு வித்தியாசம் இருப்பதால், ஆறும்போது அந்த இடத்தில் பாட்டில் விரிசல் விடும். சுத்தமான போரோசிலிகேட் உடைசலை அதே கண்ணாடி செய்யும் ஆலைதான் பயன்படுத்த முடியும். அங்கேயும் வெள்ளை வேறு, பழுப்பு வேறு.

சந்தேகமிருந்தால் நிறமில்லாத துண்டு ஒன்றைக் கிளிசரினில் போட்டுப் பாருங்கள். நல்லெண்ணெயும் உதவும். போரோசிலிகேட் என்றால் விளிம்பு மங்கி, துண்டே காணாமல் போனது போல இருக்கும். பாட்டில் துண்டு பளிச்சென்று தெரியும்.

கேள்வி: சாயப்பட்டறைக் கழிவுநீருக்கு சி.ஓ.டி. சோதனை (நீரிலுள்ள மாசு சிதைய எவ்வளவு ஆக்சிஜன் வேண்டும் என்று அளப்பது) செய்கிறோம். அந்தக் குப்பிகளைக் கழுவிப் போடலாமா? – வாசகர், திருப்பூர்

பதில்: கூடவே கூடாது. குளோரைடு குறுக்கிடாமல் இருக்கச் சேர்த்த மெர்க்குரிக் சல்ஃபேட், அதோடு டைகுரோமேட், வெள்ளி சல்ஃபேட், அடர் கந்தக அமிலம் எல்லாம் அதற்குள் இருக்கின்றன. சுண்ணாம்பு போட்டு அமிலத்தை முறிக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். கலவை கொதித்துத் தெறிக்கும். அதற்குப் பிறகும் பாதரசம் எங்கும் போகாது, சகதியில் உட்கார்ந்திருக்கும். சோதனைக்காக 150 டிகிரியில் சூடாக்கும் இரண்டு மணி நேரம் முடிந்து முழுதாக ஆறியதும், மூடியை இறுக்கி, வாங்கிய பெட்டியிலேயே நிமிர்த்தி வையுங்கள். பெட்டி மேல் ‘பாதரசம், குரோமியம், அமிலம்’ என்று எழுதி, மற்றக் கழிவோடு கலக்காமல் ஒப்படையுங்கள்.

கேள்வி: கல்லூரி ஆய்வகத்தில் பழைய குப்பிகளைத் திரும்பப் பயன்படுத்தலாமா? – வாசகர், மதுரை

பதில்: டி.எல்.சி. சோதனைக்கான (பூச்சுத் தகட்டில் பொருள்களைப் பிரித்துப் பார்ப்பது) மாதிரிகளை வைக்க, செய்முறை பழக்க, தாராளமாக. சோப்பு நீர், குழாய் நீர், காய்ச்சி வடித்த நீர், கடைசியில் மெத்தனால். மெத்தனால் ஹூட்டில் முழுதாக உலர்ந்த பிறகே 100 டிகிரி அடுப்பில் வையுங்கள். குரோமிக் அமிலத்தில் ஊறவைக்கும் பழைய வழக்கத்தை விட்டுவிடுங்கள். அந்தக் குரோமியம் புற்றுநோய் தரக்கூடியது. அளவு துல்லியமாக வேண்டிய சோதனைக்குப் புதுக் குப்பிதான். சூடாக்கி அழுத்தம் ஏற்றும் 20 மி.லி. ஹெட்ஸ்பேஸ் குப்பியை (திரவத்தின் மேல் நிற்கும் ஆவியைச் சோதிக்க உதவுவது) ஒரு தடவைக்கு மேல் பயன்படுத்தாதீர்கள். கண்ணுக்குத் தெரியாத கீறல் இருந்தால்கூட வெடிக்கலாம்.