கப்பல் சுற்றுலாவில் ஒரே நாள் கரையிறங்கும்போது, மூழ்கிய கப்பல், பவளப்பாறை இரண்டையும் டைவ் செய்து பார்க்க முடியுமா?

முடியும், நான் பார்த்தேன். ஆனால் எந்தத் தீவில் இறங்குகிறீர்கள் என்பதிலேயே பாதி பதில் இருக்கிறது. சில ஊர்களில் படகு பிடித்து வெகுதூரம் போன பிறகுதான் தண்ணீரில் குதிக்கலாம். அங்கெல்லாம் உங்கள் எட்டு மணி நேரத்தில் பாதியைப் படகே தின்றுவிடும். கரையிலிருந்து நடந்தே கடலில் இறங்கி, நீந்திப் போய் மூழ்கிய கப்பலைத் தொட்டுவிடும் தூரத்தில் (தொடக்கூடாது, சும்மா சொல்கிறேன்) நிற்கிற இடம் என்று நான் அனுபவித்தது பொனேர்.

வெனிசுவேலாவுக்கு வடக்கே, நெதர்லாந்தைச் சேர்ந்த சின்னத் தீவு அது. மச்சானும் நானும் குடும்பத்தோடு போர்ட்டோ ரிக்கோவின் சான் ஹுவானில் கப்பல் ஏறி, நான்காம் நாள் காலை எட்டு மணிக்கு அங்கே இறங்கினோம். பெண்கள் இருவரும் உப்பளமும் பூநாரையும் பார்க்கக் கிளம்பினார்கள். நாங்கள் இருவரும் டைவ் கடைக்குப் போனோம். துறைமுகம் கிராலென்டைக் ஊருக்குள்ளேயே இருப்பதால் டாக்ஸி பிடிக்கும் வேலைகூட இல்லை.

நாங்கள் பார்க்கப் போன கப்பலின் பெயர் ஹில்மா ஹூக்கர். 72 மீட்டர் நீளமுள்ள சரக்குக் கப்பல். 1984ல் சுக்கான் கோளாறாகி நடுக்கடலில் தத்தளித்ததை இழுத்துக்கொண்டு வந்து கிராலென்டைக் துறைமுகத்தில்தான் கட்டினார்கள். பதிவுக் காகிதங்கள் சரியாக இல்லை. சந்தேகப்பட்டுச் சோதனை போட்டால், போலித் தடுப்புச் சுவருக்குப் பின்னால் 11 டன்னுக்கு மேல் கஞ்சா! முதலாளி என்று சொல்லிக்கொண்டு யாரும் வரவில்லை. வழக்குச் சாட்சியாக நின்றுகொண்டிருந்த கப்பலில் தண்ணீர் கசிந்துகொண்டே இருந்தது. துறைமுகத்திலேயே மூழ்கினால் வம்பு என்று தெற்கே நகர்த்திக் கட்டிவைத்தார்கள். செப்டம்பர் 12 காலை ஒன்பது மணிக்குச் சற்றுப் பின் வலப்பக்கமாகச் சாய்ந்தது. இரண்டே நிமிடத்தில் ஆளைக் காணோம். இரண்டு பவளத்திட்டுகளுக்கு நடுவே இருந்த மணலில் போய்ப் படுத்துக்கொண்டது. யாரோ இடம் பார்த்து மூழ்கடித்த மாதிரி இருக்கும்.

சரி, நேரக் கணக்குக்கு வருகிறேன். உங்கள் கேள்வியின் உயிர் அதில்தான் இருக்கிறது.

எட்டு மணிக்குக் கப்பல் கட்டினால் எட்டரைக்குத் தண்ணீரில் இருப்பேன் என்று நினைத்திருந்தேன். தண்ணீருக்குள் தலை போகும்போது மணி பத்தாகிவிட்டது. தீவைச் சுற்றியுள்ள கடல் முழுவதும் 1979லிருந்து கடல் பூங்கா. கட்டணம் கட்ட வேண்டும் (நாங்கள் போனபோது 40 டாலர்), விதிமுறைகளைக் கேட்டுக்கொள்ள வேண்டும், பிறகு ஆழமில்லாத இடத்தில் ஒரு சோதனை டைவ். இருபது வருடம் டைவ் செய்தவராக இருந்தாலும் இதிலிருந்து விலக்கு கிடையாது. கையுறை போடக்கூடாது, போட்டால் தைரியமாக எதையாவது பிடித்துக்கொள்வோம் என்பதால். படகுகள் நங்கூரம் போடவும் கூடாது, மிதவையில்தான் கட்ட வேண்டும். முதலில் எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் அந்தப் பத்து நிமிடத்தில்தான் மச்சான், நீரில் அமிழ்வதற்காகக் கட்டிக்கொள்ளும் ஈய எடையை இரண்டு கிலோ குறைவாகக் கட்டியிருப்பது தெரிந்தது. ஐந்து மீட்டரில் தக்கை மாதிரி மேலே மேலே வந்துகொண்டிருந்தார்.

பிறகு கடையின் பிக்கப் வண்டியில் தெற்கே பயணம். டைவ் செய்யும் இடங்களுக்குச் சாலையோரம் மஞ்சள் பெயின்ட் அடித்த கற்களே அடையாளம். வண்டியில் எதையும் வைக்காமல், கதவையும் பூட்டாமல் விட்டுவிட்டு வரச் சொன்னார் வழிகாட்டி. திருடன் வந்தாலும் கண்ணாடியை உடைக்க மாட்டான் பாருங்கள்.

கரையிலிருந்து மிதவை வரை மேற்பரப்பிலேயே நீந்திப் போய் இறங்கினோம். கப்பல் ஒரேயடியாகக் கண்ணில் படாது. முதலில் நீலம் ஓரிடத்தில் மட்டும் கொஞ்சம் கருத்த மாதிரி இருக்கும். இன்னும் இறங்க இறங்க அந்தக் கருப்புக்கு விளிம்பு வரும், கொடிமரம் வரும். திடீரென்று ஒரு தெரு நீளத்துக்கு இரும்பு. சாய்ந்து கிடப்பதால் தளம் சுவராகிவிட்டது. நம் தலையும் தானாக ஒரு பக்கம் சாய்கிறது. சரக்கு அறையின் வாய் திறந்தே கிடந்தது. உள்ளே நிழலில் தார்ப்பன் மீன் இரண்டு, ஆள் நீளத்துக்கு, அசையாமல் நின்றன. வெள்ளி முலாம் பூசிய மாதிரி செதில். உள்ளே போகவில்லை. அதற்குத் தனிப் பயிற்சி வேண்டும், வாசலில் நின்று பார்த்ததே போதும்.

மணல் 30 மீட்டரில் இருக்கிறது. மேலே இருக்கும் பக்கவாட்டு இரும்பு 18 மீட்டருக்கு வந்துவிடுகிறது. இந்த ஒரு விஷயம் தெரியாமல் பலர் திரும்பிவிடுகிறார்கள். மச்சானிடம் இருந்தது புதுச்சேரியில் எடுத்த ஓப்பன் வாட்டர் என்ற முதல்நிலை டைவ் சான்றிதழ் மட்டும், அதற்கு எல்லை 18 மீட்டர். அவர் இன்னொரு வழிகாட்டியோடு மேல்பக்கமாகவே நீந்தினார். நான் அடுத்த நிலையான அட்வான்ஸ்டு முடித்திருந்ததால் கீழே புரொப்பெல்லர் வரை போனேன்.

போனவன் அங்கேயே நின்றுவிட்டேன். அந்த ஆழத்தில் அழுத்தம் கிட்டத்தட்ட நான்கு மடங்கு, எனவே காற்றும் நான்கு மடங்கு வேகத்தில் தீரும். மேற்பரப்பில் ஒரு மணி நேரம் வருகிற டேங்க், 30 மீட்டரில் கால் மணி நேரம்தான். இதைப் பரீட்சையில் எழுதிப் பாஸ் செய்தவன்தான் நான். இருந்தும் மணலில் தோட்ட விலாங்குகள் புல் மாதிரி ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது காற்றழுத்த மீட்டரைப் பார்க்கவில்லை. வழிகாட்டி தோளைத் தட்டினார், பார்த்தால் டேங்கில் மிச்சம் 80 பார் (காற்றழுத்த அளவு)தான். திட்டமோ 100ல் கிளம்புவது. நல்லவேளை, கரை டைவ் என்பதால் சும்மா செங்குத்தாக ஏற வேண்டியதில்லை. பவளச் சரிவை ஒட்டியே மெதுவாக மேலேறி, ஐந்து மீட்டரில் மூன்று நிமிடம் நின்றோம். மச்சானின் டேங்கில் அப்போது 110 இருந்தது. இரவுச் சாப்பாட்டு மேஜையில் இதை எத்தனை முறை சொன்னார் என்று எண்ணவில்லை.

கரையில் ஒரு மணி நேர ஓய்வு, அப்புறம் பக்கத்துப் பவளத்திட்டில் இரண்டாவது டைவ். ஆழமானதை முதலில் முடித்துவிடுவது நல்லது. இரண்டாவதில் 12 மீட்டருக்குக் கீழே போகவே இல்லை, ஐம்பது நிமிடம் நீருக்கடியில் இருந்தோம். உண்மையைச் சொன்னால் எனக்கு இதுதான் அதிகம் பிடித்தது. பெயர் சொல்லிப் பீற்றிக்கொள்ள ஒன்றும் இல்லை. ஆனால் ஒரு கிளிமீன் பாறையைக் கடிக்கும் நறநறச் சத்தம் காதில் விழும் அளவுக்கு அவசரமில்லாத டைவ். கப்பலில் இருபது நிமிடமும் கண் கடிகாரத்தில்தான் (முக்கியமான நேரத்தில் மட்டும் இல்லை). பவளத்திலும் கவலை உண்டு. கரீபியன் முழுவதும் பவளத்தின் சதையைத் தின்னும் நோய் பரவி, 2023ல் பொனேருக்கும் வந்துவிட்டது. வெள்ளைத் திட்டுகளாக எலும்பு தெரிந்த பவளங்களை நாங்களும் பார்த்தோம். அதனால் கடையில் உபகரணங்களைக் கிருமிநாசினியில் முக்கி எடுக்கச் சொல்வார்கள். முகம் சுளிக்காமல் செய்யுங்கள்.

இரண்டரைக்குக் கடை, மூன்றேகாலுக்குக் கப்பல். ஏற வேண்டிய கடைசி நேரம் நாலரை. கப்பல் நிறுவனமே நடத்தும் பயணமென்றால் தாமதமானாலும் உங்களுக்காகக் காத்திருப்பார்கள். சொந்தமாகப் பதிவு செய்தால் காத்திருக்க மாட்டார்கள். பொனேரில் துறைமுகம் பக்கத்திலேயே இருந்ததால் துணிந்து சொந்தமாகச் செய்தேன், ஆள் கூட்டமும் குறைவு. புளோரிடாவிலிருந்து குளிர்காலத்தில் கிளம்பும் கப்பலென்றால் கப்பல் நேரமும் தீவு நேரமும் ஒரு மணி நேரம் வேறுபடலாம். எந்தக் கடிகாரத்தை நம்புவது என்று இறங்கும் முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

உங்கள் கப்பல் பொனேருக்குப் போகாவிட்டால், அருபாவில் 'அன்டிலா' இருக்கிறது. 1940 மே 10 அன்று ஜெர்மன் மாலுமிகள் தாங்களே மூழ்கடித்த கப்பல். ஆழம் 18 மீட்டர்தான், புதியவர்களுக்கு ஏற்றது. கிராண்ட் கேமனில் 'கிட்டிவேக்', அமெரிக்கக் கடற்படையின் பழைய மீட்புக் கப்பல், 2011ல் டைவர்களுக்காகவே மூழ்கடித்தது. ஆனால் அங்கே பெரிய கப்பல் கரையோடு கட்டாது, சிறு படகில்தான் ஊருக்குப் போக வேண்டும். அந்த வரிசை நேரத்தையும் கணக்கில் சேருங்கள்.

இன்னொன்று, மருத்துவப் படிவம். எங்களோடு பதிவு செய்திருந்த ஒருவர் இரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுவதாக அங்கேயே நேர்மையாக டிக் போட்டார். மருத்துவர் கையெழுத்து இல்லாமல் டைவ் இல்லை என்று கடையில் சொல்லிவிட்டார்கள். அந்தத் தீவில் அந்தக் காலையில் மருத்துவருக்கு எங்கே போவார்? படிவத்தை ஊரிலேயே இணையத்திலிருந்து இறக்கிப் பாருங்கள். ஒரு 'ஆம்' இருந்தாலும் கிளம்பும் முன்னால் உங்கள் டாக்டரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு போங்கள். அந்த மனிதர் ஸ்நோர்கெல் மாட்டிக்கொண்டு எங்கள் குமிழிகளை மேலிருந்து பார்த்தபடியே பின்தொடர்ந்தார்.