கோணேசர் மலையும் சந்தையும்: வருவோர் கேட்ட கேள்விகள்

திருகோணமலையில் பிறந்து வளர்ந்து, வெளியூரிலிருந்து வரும் உறவினரை மலைக்கும் சந்தைக்கும் அழைத்துச் சென்றே பழகியவன் என்பதால், வந்த கேள்விகளுக்கு இயன்றவரை விடை தருகிறேன்.

கேள்வி (கொழும்பிலிருந்து): ஐயா, எங்களுக்கு ஒரு நாள்தான் இருக்கிறது. கோணேசர் கோயில், பத்திரகாளி அம்மன் கோயில், சந்தை மூன்றையும் எந்த ஒழுங்கில் பார்க்கலாம்?

பதில்: காலையில் மலை, அடுத்து அம்மன், கடைசியில் சந்தை. வெயில் ஏறிவிட்டால் மலைக் கல்லில் வெறுங்காலை வைக்க முடியாது. சந்தையைக் கடைசியில் வைப்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. முதலில் கருவாட்டை வாங்கிப் பையில் கட்டிக்கொண்டு மலையேறி, அர்ச்சனைத் தட்டுடன் வரிசையில் நின்று நெளிந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்; அவர்களில் ஒருவர் என் சொந்த மைத்துனர்.

கேள்வி (யாழ்ப்பாணத்திலிருந்து): கோயிலுக்குப் போகக் கோட்டை வாசலைத் தாண்ட வேண்டியிருப்பது ஏன்?

பதில்: கோட்டைக்குள் கோயில் கட்டப்பட்டது என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் கோயில் இருந்த மலையைத்தான் கோட்டை வளைத்துக்கொண்டது. 1622 ஆம் ஆண்டில் போர்த்துக்கேயர் பழைய ஆலயத்தை இடித்து, அதன் கற்களைக் கோட்டை கட்டப் பயன்படுத்தினர். பின்னர் ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் அதே கோட்டையில் இருந்தனர். வாசலைக் கடக்கும்போது அவசரப்படாமல் நிலைக்கல்லைப் பாருங்கள். இரட்டை மீன்களும், சிதைந்த தமிழ் எழுத்துகளும் அதில் தெரியும். குளக்கோட்டன் என்ற மன்னன் இக்கோயிலுக்குச் செய்த திருப்பணியைப் பிற்காலத்தில் பறங்கியர், அதாவது போர்த்துக்கேயர், அழிப்பர் என்று சொல்லும் பாடலின் எச்சம் அது என்பது எங்கள் ஊரார் வழிவழியாகச் சொல்லி வருவது. 1950 ஆம் ஆண்டில் நகரில் கிணறு தோண்டியபோது மண்ணுக்குள்ளிருந்து சோமாஸ்கந்தர் முதலிய செப்புத் திருமேனிகள் வெளிப்பட்டன. அதன் பின்னரே மலையுச்சியில் இன்றைய ஆலயம் எழுந்து, 1963 இல் கும்பாபிஷேகம் கண்டது. கோட்டைக்குள் இன்றும் இராணுவத்தினர் இருப்பதால், கண்டதையெல்லாம் படம் பிடிக்காதீர்கள். வழியில் நிற்கும் மான்கள் சாதுவானவை போலத் தோன்றினாலும், தட்டிலிருக்கும் வாழைப்பழத்தின் மீது அவற்றுக்குத் தனிக் கண் உண்டு.

கேள்வி: மலை விளிம்பில் மரத்தில் சிறு தொட்டில்கள் தொங்குகின்றனவே?

பதில்: பிள்ளைப்பேறு வேண்டிக் கட்டும் நேர்த்தித் தொட்டில்கள் அவை. பக்கத்தில் பாறை பிளந்து கடல் வரை இறங்கும் இடம்தான் இராவணன் வெட்டு. அங்கே நின்று கீழே பார்க்கும்போது, சம்பந்தர் இம்மலையைப் பாடுகையில் கடலை ஏன் விடாமல் சேர்த்துப் பாடினார் என்பது விளங்கும்.

கேள்வி (வவுனியாவிலிருந்து): ஊருக்குக் கொண்டுபோக என்ன வாங்கலாம் அண்ணா?

பதில்: கருவாடும் எருமைத் தயிரும். கருவாட்டைத் தொட்டுப் பார்த்து வாங்குங்கள்: விரலால் அழுத்தினால் பள்ளம் விழக்கூடாது, செவுள் பக்கத்தில் ஈரம் இருக்கக்கூடாது. மேலே உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தால் மட்டும் நன்றாகக் காய்ந்தது என்று முடிவு செய்துவிடாதீர்கள். ஈரம் உள்ளே இருக்கும் துண்டிலும் உப்புப் பூக்கும். தயிர்ச் சட்டியைச் சற்றுச் சரித்துப் பார்த்தால், நன்றாக உறைந்த தயிர் ஓரத்தை விட்டு அசையாது. மலைவழிக் கடைகளில் விற்கும் சங்கு, சிப்பிப் பொருட்கள் பிள்ளைகளுக்குப் பிடிக்கும். பேரம் பேசத் தயங்க வேண்டாம்.

கேள்வி: கன்னியா வெந்நீரூற்றுக்குக் கோயில் செல்லும் அதே நாளில் போகலாமா?

பதில்: நகரிலிருந்து அநுராதபுரம் வீதியில் ஏறக்குறைய 8 கிலோமீற்றர் தூரம்தான், தாராளமாகப் போகலாம். ஏழு சிறு கிணறுகளிலும் சூடு ஒன்றுபோல் இராது. முதலில் கையை வைத்துப் பார்த்த பிறகே வாளியால் அள்ளித் தலையில் ஊற்றுங்கள். இராவணன் தன் தாய்க்கு இறுதிக்கடன் செய்த இடம் என்ற ஐதிகத்தால், இறந்தோருக்கான கிரியை செய்யவும் குடும்பங்கள் அங்கே வருவதுண்டு. அத்தகைய வேளையில் குரலைத் தாழ்த்திக்கொள்ளுங்கள்.

கேள்வி (மட்டக்களப்பிலிருந்து): தம்பலகாமம் போவது அவசியமா?

பதில்: நேரமிருந்தால் கட்டாயம் போங்கள். மலைக்கோயில் இடிபட்ட காலத்தில் காப்பாற்றப்பட்ட திருமேனிகளை வைத்து வழிபட எழுந்ததாகச் சொல்லப்படும் ஆதிகோணநாயகர் கோயில் அங்கேதான், கந்தளாய்க் குளத்து நீர் பாயும் வயல்களின் நடுவே இருக்கிறது. சுற்றுலாக் கூட்டம் அங்கே எட்டிப்பார்ப்பது குறைவு.